வயிற்றுவார்

எங்கள் வீட்டின் காணி உறுதி 2009ஆம் ஆண்டு ஆவணி மாதம், என் கலியாணத்துக்கு இரண்டு வாரம் முந்தி, அம்மாவின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாறியது. அம்மாவுக்கு அந்த வளவை அம்மம்மா சீதனமாகக் கொடுத்திருந்தார்; அம்மம்மாவுக்கு அவருடைய தாய் கொடுத்திருந்தார். அக்காவுக்கு வளவின் வடக்குப் பக்கத்தில் அப்பா தனியாகக் கல்வீடு கட்டிக் கொடுத்துவிட்டதால், நடுவீடு எனக்கென்று ஆயிற்று. மட்டக்களப்பில், அதிலும் வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரையில், இது எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். பிறக்கும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரு குடிக்குள்ளே ஒரு மூதாட்டியின் வயிற்றில் தொடங்கிப் பெண்மக்கள் வழியாக இறங்கி வருகின்ற கிளையைப் பெரியவர்கள் ‘வயிற்றுவார்’ என்பார்கள். கோயில் உரிமை பேசும்போதும் கலியாணம் பேசும்போதும் அந்தச் சொல் தவறாமல் வரும்.

இதைக் கேட்கும் வேற்றூர்த் தமிழர்கள், அப்படியானால் உங்கள் ஊர்ப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள். ஒரு பக்கம் அது மெய்தான். பிள்ளை இல்லை என்று சொல்லி என்னை எவரும் வீட்டை விட்டு இறக்கிவிட முடியாது, ஏனென்றால் வீடு என்னுடையது. அதன் மறுபக்கத்தை நான் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து அறிந்தேன். எல்லாமே வயிற்றின் வழியாக இறங்கி வருகின்ற ஊரில், வராத பிள்ளைக்கும் வயிறுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சூடு என்றார்கள், குளிர் என்றார்கள், முழுக்கு என்றார்கள், கட்டு என்றார்கள், தோஷம் என்றார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத அந்தக் காரணங்கள் அனைத்தும் கடைசியில் வந்து இறங்கிய இடம் ஒரு பெண்ணின் உடம்பு. இதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதமே பெரியம்மா கேட்கத் தொடங்கிவிட்டார்: “என்ன மனே, இந்த மாசமும் முழுகிட்டியா?” எங்கள் பக்கத்தில் கருவுற்றிருப்பவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது வழக்கம். மாதவிலக்கு நின்றால் அதற்குரிய தலைமுழுக்கும் இல்லை என்பது அதன் பொருள். மூன்று வீட்டுக்கும் பொதுவான கிணறு ஒன்றுதான் என்பதால், ஒரு பெண் தலை முழுகினால் அதை வளவு முழுவதும் அறிந்துகொள்ளும். ஈரத் தலையோடு நான் கிணற்றடியிலிருந்து திரும்பிய ஒவ்வொரு மாதமும், அடுப்படி வாசலில் நின்ற அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கூந்தலைத்தான் பார்த்தார்.

முதலில் சொல்லப்பட்ட காரணம் சூடு. உடம்பு சூடாக இருந்தால் கரு தங்காமல் கரைந்து போகும் என்று சொல்லிப் பப்பாசி, அன்னாசி, எள்ளுருண்டை, நண்டு, இறால் எல்லாம் எனக்கு நிறுத்தப்பட்டன. ஓராண்டு கழிந்தும் ஒன்றும் நடக்காதபோது, நாடி பிடித்துப் பார்த்த பரியாரியார் கருப்பை குளிர்ந்துபோய்க் கிடக்கிறது என்றார். அன்று முதல் இளநீரும் வெள்ளரிக்காயும் தயிரும் நிறுத்தப்பட்டன. எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில், வீட்டில் சட்டித் தயிர் உறைந்திருக்க, எனக்கு மட்டும் சுக்குக் கசாயம் வந்தது. ஒரே உடம்பு ஓராண்டு சூடாகவும் மறு ஆண்டு குளிராகவும் இருந்தது எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு அப்போது எனக்கு இருக்கவில்லை.

சூடு என்ற எண்ணத்தை நான் இகழவில்லை. அது எங்கள் அடுப்படியில் மட்டும் இருப்பதில்லை. எங்கள் தெய்வமே அதில்தான் வாழ்கிறது. மதுரையை எரித்த கண்ணகியின் வெப்பத்தைத் தணிக்க ஆண்டுதோறும் வைகாசியில் குளிர்த்தி பாடுகின்ற மக்கள் நாங்கள். அம்மை, வறட்சி, காய்ச்சல், கோபம் எல்லாம் வெப்பம். அம்மன் குளிர்ந்தால் ஊரும் குளிரும். அக்கரைப்பற்றில் தங்கி எங்கள் குடிமுறையை நீண்டகாலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, உடம்பின் சூடு, குளிர், இரத்தம் பற்றிய நம்பிக்கைகளை அங்குள்ள தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் கேட்டுப் பதிந்திருக்கிறார். தாய்வழிக் குடியைப் போலவே இவற்றையும் நாங்கள் பகிர்ந்து வைத்திருக்கிறோம். என் மனவருத்தம் வேறு. கருத்தரிப்பில் வெப்பத்துக்கு உண்மையிலேயே ஓர் இடம் உண்டு, ஆனால் அது ஆணின் உடம்பில் இருக்கிறது. விந்தணு ஒழுங்காக உருவாக வேண்டுமானால் விதைகள் உடம்பின் மற்றப் பாகத்தைவிட 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிர்ந்திருக்க வேண்டும். அவை உடம்புக்கு வெளியே ஒரு பையில் தொங்குவதற்குக் காரணமே அதுதான். இறங்காத விதை, புடைத்த நாளங்கள், நெடுநாட் காய்ச்சல், நெருப்பின் முன்னே நாள் முழுவதும் நிற்கின்ற வேலை ஆகியவை விந்தணுக்களைக் குறைக்கக்கூடும். சூட்டை இவ்வளவு அறிந்த எங்கள் ஊரில், அந்தச் சூட்டைப் பற்றி ஓர் ஆணிடம் எவரும் கேட்டதாக நான் அறியேன்.

அடுத்தது நாட்கணக்கு. முழுகிய பின் ஐந்தாறு நாட்கள் கருப்பை வாய் திறந்திருக்கும், அதன்பின் மூடிக்கொள்ளும் என்று பெரியம்மா தனியே அழைத்துச் சொன்னார். இது பெரியம்மாவின் கற்பனையும் அல்ல. பொழுது சாய்ந்தால் தாமரை குவிவதுபோல் உரிய நாட்கள் கழிந்தால் கருப்பை வாய் குவிந்துவிடும் என்ற உவமை பழைய ஆயுர்வேத நூல்களிலேயே உண்டு. மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து அந்த நாட்களை நூலுக்கு நூல் 12 என்றும் 16 என்றும் எண்ணினார்கள். எங்கள் வாய்வழக்கில் அது முழுக்கை ஒட்டிய சில நாட்களாகச் சுருங்கிவிட்டது. மேற்கு நாட்டு வைத்தியர்களும் இதில் எங்களைவிட முந்தியவர்கள் அல்லர். பாலூட்டிகளின் சூலை நுணுக்குக்காட்டியில் கண்டு வான் பேயர் எழுதியது 1827இல். அதற்குப் பின்னும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரை, மாதவிலக்கை ஒட்டிய நாட்களில்தான் கருத்தரிக்கும் என்று அங்கும் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு முன்னரே சூல் வெளிப்படுகிறது என்பதை ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் நவுசும் தனித்தனியே நிறுவியது 1920களில்தான்.

வெளிப்பட்ட சூல் கூடினால் ஒரு நாள் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடம்பில் ஐந்து நாள் வரை தங்கும். ஆகவே ஒரு மாதத்தில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஆறு. எனக்கு மாதவிலக்கு 33 நாளுக்கு ஒரு முறை வருவது; அந்த ஆறு நாட்கள் எனக்கு ஏறத்தாழ 14ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை விழுந்திருக்க வேண்டும். பெரியம்மா திறந்திருக்கும் என்று சொன்ன நாட்கள் பத்தாம் நாளோடு முடிந்துவிட்டன. அதன்பின் என் கணவர், இவர், வயல் வாடிக்கு, காவல் குடிலுக்கு, போய்விடுவார். பெரும்போகத்தில் விதைப்புக் காலத்திலும், கதிர் முற்றி யானைக் காவல் இருக்கும் காலத்திலும், கிழமைக்கு ஓரிரவு வீட்டில் தங்கினால் பெரிது. பரியாரியார் தந்த மருந்துகளின் பத்தியம் இதற்கு மேலே வந்தது. ஒரு மண்டலம் மருந்து என்றால் 48 நாட்கள், அந்த 48 நாட்களும் கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. விந்து இரத்தத்திலிருந்து திரண்டு வருவது, அதைச் சேர்த்து வைத்தால் கெட்டியாகும் என்பது அந்த விதியின் பின்னால் இருக்கும் எண்ணம். நெடுநாள் சேர்ந்துகிடந்த விந்தில் அணுக்களின் ஓட்டம் குறைகிறது என்று இன்றைய ஆய்வுகூடம் சொல்லும். நான் நான்கு மண்டலம் குடித்தேன். பிள்ளை வேண்டி விலகியிருந்த அந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஆறு மாதத்துக்கு மேல் வருகிறது.

இவ்வளவுக்கும் நான் விஞ்ஞான ஆசிரியை. சாதாரணதரப் பிள்ளைகளுக்குச் சூலகத்தையும் பலோப்பியன் குழாயையும் கரும்பலகையில் வரைந்து, சூலும் விந்தும் சேர்வதைக் கருக்கட்டல் என்கிறோம் என்று ஆண்டுதோறும் படிப்பித்தேன். கருவில் உள்ளது ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் நிறமூர்த்தமே தீர்மானிக்கிறது என்று சொல்லும்போது பின்வாங்கில் இருக்கும் பையன்கள் தலைகுனிந்து சிரிப்பார்கள். பாடம் முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மா காய்ச்சி வைத்த கசாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். பாடப்புத்தகத்தில் இருந்த உடம்பு வேறு, கிணற்றடியில் இருந்த உடம்பு வேறு என்பதுபோல இரண்டையும் நான் பிரித்தே வைத்திருந்தேன். படிப்பு அறியாமையைப் போக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் நன்றாகவே படித்திருந்தேன், படித்ததை என் வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு ஐந்து ஆண்டு பிடித்தது.

கருக்கட்டல் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் கரு கட்டுவது என்றால் பிள்ளை உருவாகத் தொடங்குவது. ஊரில் கருவைக் கட்டிவிட்டார்கள் என்றால் செய்வினை செய்து வயிற்றை அடைத்துவிட்டார்கள் என்பது பொருள். 2011இல் ஒரு சடங்கில் தெய்வம் ஏறி நின்றவர் எனக்கு அந்தக் கட்டைத்தான் சொன்னார். எங்கள் வளவின் மேல் ஆசைப்பட்ட ஒருவர் செய்வித்தது என்றும், கட்டை வெட்ட வேண்டும் என்றும் வாக்கு வந்தது. பெயர் சொல்லப்படவில்லை. பெயர் சொல்லப்படாததால் வீட்டில் உள்ளவர்கள் தாங்களே பெயர்களைத் தேடத் தொடங்கினார்கள். அக்கா இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஏனென்றால் நடுவீடு தனக்குக் கிடைக்கவில்லை என்ற குறை அவளுக்கு இருந்ததை எல்லோரும் அறிந்திருந்தார்கள், அவளும் அறிந்திருந்தாள். அந்த இரண்டு மாதமும் அவளுடைய மகள், அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அதற்குப் பிறகு சாதகம் பார்த்தோம். ஐந்தாம் இடத்தில் ராகு இருப்பதால் நாகதோஷம் என்று சாத்திரியார் எழுதித் தந்தார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் விடியற்காலையில், மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாகச் சொன்னார்: “மனே, நீ சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள வாடியில ஒரு நாகத்தை அடிச்சுப்போட்டன். நிறைமாசமோ தெரியா. அதுதான்.” எண்பதுகளின் நடுவில் நடந்ததாம். இருட்டில் பாயருகே ஊர்ந்ததை மண்வெட்டிப் பிடியால் அடித்திருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்தப் பாம்பு தன் மகளின் வயிற்றில் வந்து இருக்கிறது என்று அவர் நம்பினார். அன்று தொடங்கி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வயல் ஓரத்துப் புற்றில் பால் ஊற்றினார். நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தார். என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் பால்செம்பை அம்மாவிடம் கொடுத்து அனுப்பினார். 2014ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை அப்பா இறந்துபோனார்.

அவருடைய பால்செம்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

தவறான காரணத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது, அது மனதுக்கு ஓர் ஆறுதல்தானே என்று சொல்பவர்கள் உண்டு. நம்பிக்கை ஆறுதல் தருவதை நான் கண்டிருக்கிறேன், மறுக்க மாட்டேன். மண்டூர்க் கந்தன் ஆலயத்தின் ஆவணித் திருவிழாவில் தீர்த்தமாடிவிட்டு ஈர உடையோடு இருவரும் சேர்ந்து நடந்துவந்த அந்த நாளை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேர்த்தி ஒரு வேண்டுதல். அது எவர் மேலும் குற்றம் சுமத்துவதில்லை. காரணம் அப்படிப்பட்டது இல்லை. ஒரு காரணத்தைச் சொன்னவுடன் அதைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. எங்கள் வீட்டில் முதலில் நான் சுமந்தேன், பிறகு அக்கா சுமந்தாள், கடைசியில் அப்பா சுமந்துகொண்டு போனார்.

என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவர் ஏறாவூர் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். கலியாணமாகி ஒன்பது ஆண்டுகள் பிள்ளை இல்லை. அவருக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்துக்கு நேர்ச்சை வைத்தார்கள். அந்தப் பள்ளி நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரால் எழுந்தது. பிள்ளையற்ற ஒரு தம்பதிக்கு அவர் வெற்றிலை கொடுத்துப் பிள்ளை வரம் அருளிய கதையைப் பெண்கள் அறிவார்கள். மாதவிலக்கு நாட்களில் அவர் ஆசிரியர் அறையில் மேசையைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சூட்டு வலி என்று அவருடைய தாய் சொன்னார். பெண்ணென்றால் நோகத்தான் செய்யும் என்று மாமியார் சொன்னார். அது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படை போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குழாயிலும் குடலிலும் படிந்து, ஒவ்வொரு மாதமும் அழன்று, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும் நோய். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர் விடயத்தில் காரணம் பெண்ணின் உடம்பில்தான் இருந்தது. எல்லாவற்றையும் பெண்ணின் மேல் போடுகின்ற அதே நம்பிக்கை, பெண்ணுக்கு உண்மையாகவே வந்த நோயையும் சூடு என்ற ஒரு சொல்லால் மூடி வைத்திருந்தது. இதை நினைக்கும்போது என் சொந்தக் கதையைவிட எனக்கு ஆத்திரம் கூடுதலாக வருகிறது.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் நகரத்துக் கிளினிக்குப் போவதென்றால் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, அரைநாள் போய்விடும். அதற்கு முந்திய ஆண்டுகளில் நான் அப்படிப் பலமுறை தனியாகப் போயிருக்கிறேன். இரத்தம் எடுத்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள், ஸ்கான் செய்தார்கள், கருப்பைக்குள் மருந்து செலுத்திக் குழாய் அடைத்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த எக்ஸ்ரேயின் வலி எனக்கு இன்னும் மறக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள், மாத்திரை தந்தார்கள், அடுத்த திகதி போட்டார்கள். கணவரை அழைத்து வாருங்கள் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வைத்தியமும் எங்கள் பெரியம்மாவைப் போலவே என் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

2014 கார்த்திகையில் வேறொரு வைத்தியரிடம் போனோம். பாலம் வந்துவிட்டதால் இவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனார். வந்தவர் வெளியே நிற்காமல் உள்ளே வந்து இருந்தார். வைத்தியர் என் கோப்பைப் புரட்டவே இல்லை. இவரைப் பார்த்துக் கேட்டார்: “உங்களுக்கு எப்பவாவது கூகைக்கட்டு வந்ததா?”

“வந்தது டொக்டர். ஏ.எல். படிக்கக்குள்ள, 96இல. கீழயும் வீங்கினது. ரெண்டு கிழமை நடக்க ஏலாமல் கிடந்தன்.”

ஐந்து ஆண்டுகள் பக்கத்தில் படுத்தவள் நான். எனக்கு அது தெரியாது. அவர் மறைத்ததில்லை, எவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய ஒன்று என்று அவருக்கும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் பொன்னுக்குவீங்கி என்று சொல்லப்படும் அந்த நோய் சிறுவயதில் வந்தால் கன்னத்தோடு போய்விடும். பருவமடைந்த ஆணுக்கு வந்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு விதைக்கும் இறங்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இறங்கும் என்பதால் அணுக்களே அற்றுப்போவது அரிது. விதை சுருங்கி எண்ணிக்கை குறைவது பலருக்கு நேர்கிறது. இலங்கையில் அதற்கான தடுப்பூசி, சின்னமுத்து, ருபெல்லா ஊசியோடு சேர்த்து, 2011இலிருந்துதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப்படுகிறது. இவருடைய காலத்துப் பையன்களுக்கு அது கிடைக்கவில்லை.

விந்துப் பரிசோதனைதான் இந்தத் துறையில் உள்ள சோதனைகளிலேயே மிக எளிதானது. ஊசி இல்லை, வலி இல்லை, என் எக்ஸ்ரேக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்கு. இருந்தும் அது கடைசியாகத்தான் செய்யப்படுகிறது, ஏனென்றால் பிள்ளைப்பேறும் ஆண்மையும் ஒன்றென்று எங்கள் ஆண்கள் நம்புகிறார்கள். கட்டிலில் குறை இல்லாவிட்டால் விந்திலும் குறை இல்லை என்பது அவர்கள் கணக்கு. வெளிப்படும் விந்தில் அணுக்களின் பங்கு மிகச் சிறியது. மற்றதெல்லாம் வேறு சுரப்பிகளின் நீர். ஓர் அணுகூட இல்லாத விந்தும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். ஒரு மில்லிலீற்றரில் குறைந்தது 15 மில்லியன் அணுக்கள் இருக்க வேண்டும் என்பது அப்போது உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த அளவு. 2021இல் அதை 16 மில்லியன் ஆக்கியிருக்கிறார்கள். இவருக்கு 3 மில்லியன் இருந்தது.

மலடி என்ற சொல்லை நான் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். கன்று போடாத பசுவுக்கும், விளையாத நிலத்துக்கும், பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மலடு என்ற ஒரே சொல் இருக்கிறது. மலடன் என்று எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. பரிசோதனை முடிவு வந்த அன்றும் அந்தச் சொல்லை நான் தேடவில்லை. இவரும் என்னைப் போலச் சுமக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா நினைவுக்கு வந்தார். அவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பாம்புக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

ஆண்கள் இதைத் தங்களுக்குள் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிகொல்லியைத் தயாரித்த தொழிற்சாலை ஒன்றின் ஆண் தொழிலாளர்கள், தங்களில் பலருக்கு நெடுநாளாகப் பிள்ளை பிறக்கவில்லையே என்று வேலைத்தளத்தில் பேசிக்கொண்டார்கள். சோதித்தபோது பலரின் விந்தில் அணுக்கள் மிகக் குறைந்திருந்தன, சிலருக்கு அறவே இல்லை. உலகம் அந்த மருந்தின் தீங்கை அறிந்தது அந்தப் பேச்சிலிருந்துதான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முகமூடி இல்லாமல் முதுகில் தாங்கியைச் சுமந்து வயலுக்கு மருந்தடிக்கின்ற இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் வரம்பில் இருந்து தேநீர் குடிக்கும்போது இதைப் பேசுவதில்லை.

‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்ற பழமொழியைக் கந்தசஷ்டிக் காலத்தில் திருப்பிச் சொல்வார்கள்: சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்று. நானும் மூன்று ஆண்டுகள் ஆறு நாள் உபவாசம் இருந்தேன். எனக்கு இப்போது அந்தப் பழமொழியின் நேர்ப்பொருளே போதும். சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஐந்து ஆண்டுகள் அகப்பையைக் கழுவிக் கழுவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கழுவித் தெரிந்தெடுத்த விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் முறையை மூன்று முறை செய்தோம், நிற்கவில்லை. ஒரே ஓர் அணுவை ஊசியால் சூலுக்குள் செலுத்தும் முறை 1992இலேயே வந்துவிட்டது. இவரைப் போன்றவர்களுக்கென்றே வந்தது. கொழும்புக்குப் போய் அதைச் செய்விக்கும் பணத்தை நாங்கள் சேர்ப்பதற்குள் எனக்கு 37 வயது ஆகிவிட்டது. ஒரு தடவை செய்தோம், அதுவும் நிற்கவில்லை. வயது ஏற ஏறப் பெண்ணின் சூல்கள் எண்ணிக்கையிலும் தரத்திலும் குறைகின்றன, முப்பத்தைந்துக்குப் பின் அந்த இறக்கம் விரைவாகிறது. நான்கு மண்டலமும் ஐந்து ஆண்டும் எங்கே போயின என்பதை அன்று தெளிவாக அறிந்தேன். சேர்ந்து வாழ்ந்து ஓராண்டு கழிந்தும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் கழிந்தும், கருத்தரிக்காவிட்டால் இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போக வேண்டும் என்பதே விதி. கணவனோ மனைவியோ கட்டாரில் இருக்கும் ஆண்டுகளை இதில் எண்ணக்கூடாது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நிலையைக் காண்கிறார்கள் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிள்ளை பிறக்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரில் ஆணின் பங்கும் இருக்கிறது.

2022இல் நடுவீட்டின் உறுதியை அக்காவின் மகளுக்கு எழுதினோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போன அதே பிள்ளை. அக்காவும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதால் அவள் என் வயிற்றுவார்தான், எனக்கும் மகள்தான். மருமகன் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலிருந்து வந்து அந்த வீட்டில் குடியேறினார். இரண்டு ஆண்டு ஆகியும் அவள் மாதந்தோறும் முழுகிக்கொண்டிருந்தாள். போன மாதம் மருமகனின் தாய் வந்து விறாந்தையில் இருந்துகொண்டு, பிள்ளைக்கு உடம்பு சூடு போல, ஆளும் மெலிஞ்சுதான் இருக்கா என்று தொடங்கினார். அடுப்படிக்குள் நின்ற மகள் கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் மருமகன் சொன்னார்: “அம்மா, ரெண்டு பேருக்கும் டெஸ்ட். எனக்குத்தான் முதல்.”

திங்கட்கிழமை காலையில் ஆய்வுகூடத்துச் சிறு போத்தலோடு அவர் வெளியே வந்தபோது இவர் முற்றத்தில் காத்து நின்றார். எனக்குத் தெரிந்து இவர் இன்னோர் ஆணிடம் இதைப் பேசியது அதுதான் முதல் தடவை. “கையில பிடிச்சிட்டுப் போகாத மனே, காத்துப் பட்டால் குளிர்ந்துபோகும். உள்சேட்டுக்குள்ள, உடம்போட வை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள குடுக்கோணும்.” பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மருமகனின் மணிக்கட்டில் கட்டிவிட்டார். மணி ஏழு இருபது. பாலம் வரைக்கும் பத்து நிமிடம், அங்கிருந்து நகரத்துக்கு இருபது நிமிடம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே படலையைத் திறந்துவிட்டார்.